யாரால்? – ‘பிழைகள் சரிசெய்யப்பட்டன’ என்னும் வரிக்கு ஒரு திறனாய்வு

ஆசிரியர்களே, தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களே, உங்கள் கைப்பேசியில் செயலிகளைப் புதுப்பிக்கும் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு செயலியின் கீழும் இந்தப் பதிப்பில் என்ன புதியது என்று ஒரு குறிப்பு இருக்கும். வங்கிச் செயலியோ, பாடச் செயலியோ, பெரும்பாலும் ஒரே வரிதான்: பிழைகள் சரிசெய்யப்பட்டன, செயல்திறன் மேம்படுத்தப்பட்டது. ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் போன்ற இயங்குதளங்களின் புதுப்பிப்புகளிலும் இதே வரி வரும். நாம் படிப்பதே இல்லை. பொத்தானை அழுத்திவிட்டுப் போய்விடுகிறோம்.

கவிதையைத் திறனாய்வு செய்கிறோம், சிறுகதையைச் செய்கிறோம். கோடிக்கணக்கானோர் கைக்குப் போகிற இந்த ஒரு வரியையும் அப்படிப் படித்துப் பார்த்தால் என்ன?

இலக்கணத்திலிருந்தே தொடங்கலாம். ‘கண்ணன் பிழையைத் திருத்தினான்’ என்பது செய்வினை. ‘பிழை கண்ணனால் திருத்தப்பட்டது’ என்பது செயப்பாட்டுவினை. செய்தவன் மூன்றாம் வேற்றுமையின் ‘ஆல்’ உருபோடு வந்து நிற்கிறான். இது படிவம் ஒன்றிலேயே படித்த பாடம்தான். இப்போது நம் வரியைப் பாருங்கள். ‘பிழைகள் சரிசெய்யப்பட்டன.’ ஆல் எங்கே? காணோம். எந்தப் பிழை? தெரியாது. எவ்வளவு காலமாக இருந்தது? தெரியாது. யாருக்குத் தொல்லை கொடுத்தது? அதுவும் தெரியாது. இன்னும் சரிசெய்யப்படாத பிழைகள் எத்தனை என்பது பற்றி ஒரு சொல்கூட இல்லை.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான். இயங்குதளத்தில் பல ஆண்டு திருத்தப்படாமல் கிடக்கும் பிழைக்கு விலை இல்லாமல் போவதில்லை. அதைச் செய்தவர் கொடுக்காவிட்டால், கீழே இருக்கிற சிறு செயலி உருவாக்குநரும் பயனரும் கொடுக்கிறார்கள். யார் கொடுக்கிறார்கள் என்பது நம் கண்ணில் படாமல் இருப்பதற்கு நிறுவனங்களின் மொழிநடையும் ஒரு காரணம். அந்த மொழிநடையில் நான்கு வகை வாசகங்களை எடுத்துப் பார்ப்போம்.

முதல் வாசகம்: ‘சரிசெய்யப்பட்டது’

எல்லாப் பிழையும் பல ஆண்டு கிடப்பதில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 2012 நவம்பரில் ஆண்ட்ராய்டு 4.2 வந்தபோது, தொடர்புகள் செயலியில் ஒருவரின் பிறந்தநாளைக் குறிக்கப் போனால் டிசம்பர் மாதமே இல்லை. நவம்பருக்குப் பிறகு நேராக ஜனவரிதான். உலகமே சிரித்தது. அடுத்த சிறு பதிப்பான 4.2.1-இல் டிசம்பர் திரும்பி வந்தது.

2017-இல் ஐஓஎஸ் 11 வந்தபோது ஐபோனின் கணிப்பான் தடுமாறியது. 1+2+3 என்று வேகமாகத் தட்டினால் 6 வரவில்லை, 24 வந்தது. பொத்தான் மின்னி அடங்கும் அசைவு முடிவதற்குள் அடுத்த பொத்தானைத் தொட்டால் அந்தத் தொடுகை கணக்கில் சேரவில்லை. இரண்டாவது கூட்டல் குறி விழுங்கப்பட்டு, 1+23 ஆகிவிட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் 11.2 பதிப்பு வந்தபோது இது தீர்ந்தது.

இரண்டுக்கும் பொதுவானது என்ன? யார் வேண்டுமானாலும் அரை நிமிடத்தில் செய்து காட்டலாம். படம் பிடித்துப் பரப்பலாம். நிறுவனத்துக்கு வெட்கம். பலர் பார்க்கிற பிழை சீக்கிரம் சரியாகிறது. அப்படியானால் பலர் பார்க்க முடியாத பிழை என்ன ஆகும்?

இரண்டாம் வாசகம்: ‘சிக்கலை அறிந்துள்ளோம்’

தேர்வு நாள் காலையில் அலாரம் அடிக்காமல் போனால் என்ன ஆகும் என்று மாணவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2010 அக்டோபர் இறுதியில் ஐரோப்பாவில் குளிர்காலத்துக்காகக் கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினார்கள். நாள்தோறும் அடிக்கும்படி வைத்திருந்த ஐபோன் அலாரங்கள் ஒரு மணி நேரம் தாமதமாக அடித்தன. அப்போது ஆப்பிள் சொன்ன மாற்றுவழி: தினமும் திரும்ப அடிக்கும் அலாரத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு நாளும் புதிதாக ஒருமுறை அலாரம் வையுங்கள்.

இரண்டு மாதம் கழித்து, 2011 ஜனவரி 1, 2 ஆகிய நாள்களில், ஒருமுறை அலாரங்கள் அடிக்கவே இல்லை. இம்முறை சொன்ன மாற்றுவழி: திரும்ப அடிக்கும் அலாரமாக வையுங்கள், ஜனவரி 3 முதல் எல்லாம் சரியாகிவிடும். பாருங்கள், நவம்பரில் எதை விடச் சொன்னார்களோ அதையே ஜனவரியில் பிடிக்கச் சொன்னார்கள். இரண்டு அறிவுரையும் அந்தந்த நேரத்துக்குச் சரிதான். ஆனால் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய வேலை யாருடையது? பயனருடையது.

‘அறிந்துள்ளோம்’ என்பது செய்வினைதான். ‘நாங்கள்’ என்ற எழுவாய்கூட உள்ளே இருக்கிறது. ஆனால் வினையைக் கவனியுங்கள். அறிவது ஒரு வினை, திருத்துவது வேறு வினை. இந்த வாசகம் முதலாவதைச் சொல்லி, இரண்டாவதைச் சொன்னதுபோல் ஓர் ஆறுதலைக் கொடுக்கிறது. ‘டீச்சர், வீட்டுப்பாடம் இருக்குன்னு எனக்குத் தெரியும்’ என்று ஒரு மாணவர் சொன்னால் நாம் அதை ஏற்றுக்கொள்வோமா?

மூன்றாம் வாசகம்: ‘வடிவமைத்தபடியே செயல்படுகிறது’

இது கொஞ்சம் நுட்பமானது. இணையப்பக்கம் உருவாக்குகிறவர் ‘இந்தப் பக்கம் திரையின் உயரத்தை முழுதாக நிரப்பட்டும்’ என்று கட்டளையிட ஓர் அலகு உண்டு. திரை உயரத்தில் நூறு விழுக்காடு என்று பொருள். ஐபோனின் சஃபாரி உலாவியில் முகவரிப் பட்டை ஒன்று இருக்கிறது. பக்கத்தை நகர்த்தினால் அது சுருங்கும், திரும்ப வரும். அப்படியானால் ‘முழு உயரம்’ எது? பட்டை இருக்கும்போது உள்ள உயரமா, சுருங்கியபின் உள்ள உயரமா? சஃபாரி பெரிய அளவையே எடுத்துக்கொண்டது. அதனால் பக்கத்தைத் திறந்தவுடன் அதன் அடிப்பகுதி திரைக்கு வெளியே போய்விடுகிறது. அடிப்பகுதியில் என்ன இருக்கும்? பெரும்பாலும் ‘அடுத்து’, ‘அனுப்பு’ என்ற பொத்தான்கள்தான். இணையவழிப் புதிர்ப் போட்டியில் ஒரு மாணவர் ‘பட்டனையே காணோம் சார்’ என்று சொன்னால், அவர் கவனக்குறைவாக இருந்தார் என்று உடனே முடிவுகட்டிவிடாதீர்கள்.

2015-இலேயே இது சஃபாரியின் அடிப்படையான வெப்கிட் குழுவிடம் பிழையாகப் பதிவு செய்யப்பட்டது. இது வேண்டுமென்றே செய்தது என்று பதில் வந்தது. காரணமும் சொன்னார்கள்: பட்டை நகரும்போதெல்லாம் உயரத்தை மாற்றினால் பக்கம் முழுதும் துள்ளும், படிக்கவே முடியாது. நியாயமான காரணம். பின்னர் ஆண்ட்ராய்டின் குரோம் உலாவியும் இதே முறைக்கு மாறியது. ஆனால் பொத்தானைக் காட்ட வேண்டியவருக்கு இந்தக் காரணத்தால் என்ன பயன்? உலகெங்கும் உள்ள உருவாக்குநர்கள் அவரவர் பக்கத்தில் திரையின் உண்மையான உயரத்தைத் தனியாக அளந்து, அந்த எண்ணைப் பக்கத்துக்குள் செலுத்தும் சிறு நிரலை எழுதி ஒட்டினார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் நகலெடுத்தார். இப்படியே ஏழு ஆண்டு ஓடியது.

2022 மார்ச்சில் சஃபாரி 15.4 வந்தது. அப்போதும் பழைய அலகின் பொருள் மாறவில்லை. பட்டை இருக்கும்போது உள்ள சிறிய உயரம், பட்டை இல்லாதபோது உள்ள பெரிய உயரம், அந்தந்த நொடியில் உள்ள உயரம் என்று மூன்று புதிய அலகுகள் சேர்க்கப்பட்டன. மொழி ஆசிரியர்களுக்கு இது புதிதல்ல. ஒரு சொல்லைப் பல்லாயிரம் பேர் ஒரு பொருளில் பழகிவிட்டால், அதை மாற்றாமல் பக்கத்தில் புதுச்சொல் ஆக்குவதுதானே வழக்கம்? இயங்குதளத்திலும் அதுவே நடக்கிறது. பழைய நடத்தையை நம்பிக் கட்டப்பட்ட பக்கங்கள் ஏராளம். திருத்தினால் அவை உடையும்.

ஆகவே ‘வடிவமைத்தபடியே’ என்ற வாசகம் பொய் இல்லை. அது பாதிப் பதில். யாருக்காக வடிவமைத்தது என்ற மறுபாதி அதில் இல்லை.

நான்காம் வாசகம்: ‘இந்தப் பதிப்புக்கு ஆதரவு முடிந்தது’

பல செயலிகளுக்குள் ஒரு குட்டி உலாவி இருக்கிறது. நீங்கள் ஒரு செய்திச் செயலியில் இணைப்பைத் தொட்டால், செயலியை விட்டு வெளியேறாமலேயே பக்கம் திறக்கிறதல்லவா? ஆண்ட்ராய்டில் அந்த வேலையைச் செய்யும் பகுதிக்கு வெப்வியூ என்று பெயர். 2015 ஜனவரியில், ஆண்ட்ராய்டு 4.3-உம் அதற்கு முந்தியவையுமான பதிப்புகளின் வெப்வியூவில் காணப்படும் பாதுகாப்புப் பிழைகளுக்குக் கூகுள் இனி தானே திருத்தம் எழுதாது என்பது வெளியே தெரிந்தது. அப்போது ஆண்ட்ராய்டு பயன்படுத்தியவர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர், அதாவது 930 மில்லியன் கருவிகள், அந்தப் பழைய பதிப்புகளில் இருந்ததாகக் கணக்கிட்டார்கள்.

கூகுள் தரப்பின் விளக்கம்: அந்தப் பழைய நிரல் 5 மில்லியன் வரிகளுக்கும் மேற்பட்டது, பழைய பதிப்புக்குப் பின்னோக்கிப் போய்த் திருத்துவது நடைமுறைக்கு ஒத்துவராது, பயனர்கள் தனியாகப் புதுப்பிக்கக்கூடிய உலாவியைப் பயன்படுத்தட்டும், உருவாக்குநர்கள் நம்பகமான உள்ளடக்கத்தை மட்டும் வெப்வியூவில் திறக்கட்டும். சரி, புதுப் பதிப்புக்கு மாறலாமே என்று கேட்பீர்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் அது பயனர் கையில் இல்லை. கருவியைச் செய்த நிறுவனம் அந்த மாதிரிக்குப் புதுப் பதிப்பைத் தயாரித்துத் தந்தால்தான் உண்டு. விலை குறைந்த கைப்பேசிக்கு அது பெரும்பாலும் வருவதில்லை. கடைசியில் ‘புதுசு வாங்கிக்க’ என்பதுதான் மாற்றுவழி. பி40 குடும்பத்துப் பிள்ளையிடம் அதைச் சொல்ல முடியுமா?

2014-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 5.0 முதல் வெப்வியூவை மட்டும் பிளே ஸ்டோர் வழியே தனியாகப் புதுப்பிக்க முடிகிறது. இது நல்ல முன்னேற்றம். ஆனால் 2021 மார்ச்சில் அதே வழியில் வந்த ஒரு வெப்வியூ புதுப்பிப்பு, ஜிமெயில் உட்படப் பல செயலிகளைத் திறந்தவுடனே மூடிக்கொள்ள வைத்தது. அந்தப் புதுப்பிப்பை நீக்கினால் சரியாகும் என்பது அன்றைய மாற்றுவழி. திருத்தம் விரைவாக வந்துவிட்டது. அதற்குள் ஜிமெயிலைத் திட்டியவர்கள் எத்தனை பேர், வெப்வியூ என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர்?

பழி யார் தலையில்?

இந்த இடத்தில்தான் சிறு உருவாக்குநரின் நிலை நமக்குப் புரிய வேண்டும். மின்கலத்தைச் சேமிக்கிறோம் என்று சொல்லி, பல ஆண்ட்ராய்டு கைப்பேசி நிறுவனங்கள் பின்னணியில் ஓடும் செயலிகளைத் தம் விருப்பப்படி மூடிவிடுகின்றன. மருந்து நேரம் சொல்லும் செயலி, தூக்கத்தை அளக்கும் செயலி, அலாரம் இவையெல்லாம் பின்னணியில் ஓடாமல் வேலை செய்ய முடியாது. ‘ஸ்லீப் ஆஸ் ஆண்ட்ராய்டு’ என்ற தூக்கச் செயலியை உருவாக்கிய குழு இதற்காக ஒரு தனித் தளமே தொடங்கியது. பெயரே ‘என் செயலியைக் கொல்லாதே’ என்று பொருள்படும்: டோன்ட் கில் மை ஆப். எந்த நிறுவனத்தின் கைப்பேசி எவ்வளவு மோசம் என்ற வரிசையும், ஒவ்வொன்றிலும் எந்த அமைப்பை மாற்றினால் செயலி பிழைக்கும் என்ற வழிமுறையும் அதில் இருக்கின்றன. ஒரு செயலி எழுதப் போனவர்கள், மற்றவர் செய்த கோளாறுக்குக் கையேடு எழுதும் நிலைக்கு வந்துவிட்டார்கள்.

பயனர் என்ன செய்கிறார்? அலாரம் அடிக்கவில்லை என்றால் கைப்பேசி நிறுவனத்துக்கு எழுதுவதில்லை. செயலிக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்து ‘வேஸ்ட் ஆப்’ என்று எழுதிவிட்டு நீக்கிவிடுகிறார். கண்ணுக்குத் தெரிகிறவர் மீதுதான் கோபம் போகும். ‘ஆல்’ உருபு காணாமல் போன இடத்தில் நாமே ஒரு பெயரைப் போட்டு நிரப்புகிறோம். அது பெரும்பாலும் தவறான பெயர்.

நம் மொழிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005-இல் சிங்கப்பூரில் அறிமுகமானது. பின்னர் அது ஐபோனுக்கு வந்தபோது, மற்றவர்கள் செய்த விசைப்பலகையை ஐபோன் ஏற்கவில்லை. செல்லினத்துக்குள் தட்டச்சு செய்து, நகலெடுத்து, வேண்டிய இடத்தில் கொண்டுபோய் ஒட்ட வேண்டியிருந்தது. 2013-இல் ஐஓஎஸ் 7 தமிழ் விசைப்பலகையைத் தானே கொண்டு வந்தது. 2014-இல் ஐஓஎஸ் 8 மற்றவர்களின் விசைப்பலகைக்கும் கதவைத் திறந்தது. இது பிழை இல்லை, மூடிய கதவுதான். என்றாலும், காத்திருக்கும் காலத்தில் மொழி நின்றுவிடாமல் பார்த்துக்கொண்டது யார் என்றால், கீழே இருந்த உருவாக்குநரும், சலிக்காமல் நகலெடுத்து ஒட்டிய பயனரும்தான்.

இதோடு 2018 பிப்ரவரியில் நடந்ததை ஒப்பிடுங்கள். ஐஓஎஸ் 11.2.5-இல் ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து திரையில் தோன்றினாலே செயலி செயலிழந்தது. உலகெங்கும் விளையாட்டாக அதை அனுப்பத் தொடங்கினார்கள். அதே மாதம் 19-ஆம் தேதி 11.2.6 வந்து அதைத் தீர்த்தது. தெலுங்கு சரியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மட்டும் இந்த வேகம் வந்திருக்குமா? தெலுங்கே தெரியாதவர்களின் கைப்பேசியும் முடங்கியதால் வந்தது என்றே நான் படிக்கிறேன்.

மறுபக்கமும் பார்க்க வேண்டும்

நிறுவனங்களைத் திட்டுவது எளிது. திறனாய்வாளர் அங்கேயே நிற்கக்கூடாது. ஓர் இயங்குதளம் ஆயிரக்கணக்கான கருவி மாதிரிகளில் ஓடுகிறது. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று சாயும். வருகிற புகார்களில் எது உண்மையான பிழை, எது பயனரின் தவறான அமைப்பு என்று பிரிப்பதே பெரிய வேலை. எதை முதலில் திருத்துவது என்று வரிசை போட்டுத்தான் ஆக வேண்டும்.

ஏற்றுக்கொள்வோம். ஆனால் வரிசை போடுவது ஒன்று, வரிசையை மறைப்பது வேறு. ‘இந்தப் பிழை எங்களுக்குத் தெரியும், இந்தக் காரணத்தால் இவ்வாண்டு திருத்த மாட்டோம், அதுவரை இப்படிச் செய்யுங்கள்’ என்று மூன்று வாக்கியம் எழுதினால் போதும். உருவாக்குநர் மாதக்கணக்கில் தன் நிரலிலேயே தவறு தேடிக்கொண்டிருக்க மாட்டார். பயனரும் யாரைக் கேட்பது என்று அறிவார். திருத்தத்துக்குப் பணமும் ஆளும் வேண்டும். தெளிவான வாக்கியத்துக்கு அவ்வளவு தேவையில்லை.

நம் பக்கத்து வாசகம் எப்படி இருக்கிறது?

‘ஆப் வேலை செய்யல டீச்சர்.’ வகுப்பில் தினமும் கேட்கிற வாக்கியம் இது. எந்தச் செயலி, எந்தக் கருவி, என்ன செய்தபோது, எதை எதிர்பார்த்தாய், என்ன நடந்தது? ஒன்றும் இல்லை. நிறுவனத்தின் ‘பிழைகள் சரிசெய்யப்பட்டன’ என்ற வரிக்கு இது அண்ணன் தம்பி. இந்த வாசகத்தோடு போகிற புகார் எந்த வரிசையிலும் கடைசியில்தான் நிற்கும்.

இப்படி எழுதிப் பார்க்கலாம்: ‘நேற்று இரவு 9 மணிக்கு, ஆண்ட்ராய்டு 13 உள்ள கைப்பேசியில், பயிற்சிச் செயலியின் மூன்றாம் கேள்விக்கு விடை எழுதினேன். விசைப்பலகையை மூடியதும் எழுதிய விடை அழிந்துவிட்டது. விடை அப்படியே இருந்திருக்க வேண்டும். மூன்று முறை செய்து பார்த்தேன். மூன்று முறையும் அழிந்தது. வேறொரு கைப்பேசியில் அழியவில்லை.’ ஒவ்வொரு வாக்கியத்திலும் யார், எது, என்ன என்பது தெளிவாக இருக்கிறது. வினை இருக்கிறது. காலம் இருக்கிறது. கடைசி வாக்கியம், கோளாறு செயலியிலா கருவியிலா என்று தேடுவதற்கு வழிகாட்டுகிறது. புகார்க் கடிதத்துக்கு நாம் கற்பிப்பதும் இதைத்தானே?

வகுப்பில் செய்து பார்க்க

1. உங்கள் கைப்பேசியில் உள்ள ஐந்து செயலிகளின் புதுப்பிப்புக் குறிப்புகளைத் தமிழில் எழுதுங்கள். செய்வினை எது, செயப்பாட்டுவினை எது என்று பிரியுங்கள். ‘ஆல்’ உருபு எத்தனை இடத்தில் இருக்கிறது?

2. அவற்றில் ஒன்றை, யார், எதை, எப்போது, யாருக்காக என்பது விளங்கும்படி செய்வினையில் மாற்றி எழுதுங்கள். விவரம் போதவில்லை என்றால், அந்த நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதுங்கள்.

3. உங்களுக்குத் தொல்லை கொடுக்கும் ஒரு கைப்பேசிக் கோளாறை, மேலே உள்ள மாதிரியைப் பின்பற்றி ஆறு வாக்கியத்தில் எழுதுங்கள். நண்பரிடம் கொடுங்கள். உங்களிடம் எதையும் கேட்காமல் அவர் அதே கோளாறைத் தம் கைப்பேசியில் வரவழைத்துப் பார்க்க முடிந்தால் முழு மதிப்பெண்.

4. விவாதக் கட்டுரை: ‘பழைய கைப்பேசிகளின் பிழைகளைத் திருத்துவது நிறுவனங்களின் கடமை.’ ஒட்டியும் வெட்டியும் தலா மூன்று கருத்துகளைத் திரட்டுங்கள். ஒவ்வொரு கருத்துக்கும் இக்கட்டுரையிலிருந்து ஓர் ஆண்டும் ஒரு நிகழ்ச்சியும் சான்றாக வர வேண்டும்.